பூதமும் யூனியனில் சேர்ந்துவிட்டது

புக்கிட் ரோத்தான்,
செப்டம்பர் 1986.

ஏழு கடலையும் எட்டாவதாக ஒரு சுங்கச் சோதனையையும் தாண்டி, இங்கிலாந்து தேசத்தில் பனியோடும் பொறியியல் படிப்போடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டிவரும் என் அக்காள் மகன் சிரஞ்சீவி வாசுவுக்கு, தோட்டத்து ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவனும், ஓய்வு என்பதை இன்றுவரை கண்ணால் கண்டிராதவனும், கோலா சிலாங்கூர் வட்டாரத்துக் குகைகள், பாதாளங்கள், பாழடைந்த கோட்டைகள் அனைத்துக்கும் ஏகபோக அதிபதியுமாகிய உன் தாய்மாமன் சிவானந்தம் வாழ்த்திச் சொல்லிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை இராஜம்மாவும் உடம்பால் சுகம். மனசால் எப்படி என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன். பசியாறிவிட்டு உட்கார்ந்து படி. வெறும் வயிற்றில் தாங்குகிற விஷயம் இல்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்கிற தெம்பு போய்விட்டது. இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்னை நம் ஆட்டத்தின் மண்டோர் பதவியிலிருந்து இறக்கப்போகிறார்கள். கை தூக்கி ஓட்டெடுப்பு. அதைத் தடுக்க இந்தப் பூமண்டலத்தில் ஒரே ஓர் ஆளால்தான் முடியும், அது நீ. பெட்டி உன்னுடையது, புத்தகம் உன்னுடையது, சீமையில் படிக்கிறவன் சொன்னால் இங்கே எருமைகூட எழுந்து நின்று கேட்கும். ஆகவே நீ உடனே உன் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதவேண்டும். என்ன எழுதவேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் பட்ட பாட்டைக் கேள்.

உனக்கே நினைவிருக்கும், ஐந்து வருஷத்துக்கு முன் லீவுக்கு வந்தபோது நீதான் அந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தாய். பலகையும் இல்லை, காயும் இல்லை, இதென்னடா விளையாட்டு என்று கேட்டதற்கு, "ஒருத்தர் குகை இருக்குன்னு சொல்வாரு மாமா, மத்தவங்க வீரனா மந்திரவாதியா வேசம் எடுத்துக்கிட்டு, நான் உள்ள போறேன், நான் வெட்டுறேன்னு சொல்வாங்க, ஜெயிச்சாங்களா செத்தாங்களான்னு பகடை சொல்லும்" என்றாய். அந்த 'ஒருத்தருக்கு' இங்கிலீஷ் புத்தகத்தில் எஜமானன் என்கிற மாதிரி ஏதோ ஒரு பெயர் போட்டிருந்தது. நீ திரும்பிப்போன பிறகு நான்தான் விதிகளையெல்லாம் தமிழில் எழுதினேன். இன்ன இடத்துக்குப் போ, அங்கே இன்னது இருக்கும், செத்தால் நான் பொறுப்பில்லை என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்கிறவனுக்குத் தோட்டத்தில் காலங்காலமாக ஒரே பெயர்தான் உண்டு. மண்டோர் என்று எழுதினேன். அதில் என்ன குற்றம்? விடியற்காலையில் ஆளெண்ணி வேலை பிரித்துக்கொடுக்கப் பெரட்டு எடுக்கிறார்கள் இல்லையா, அதேபோல ஆட்டம் தொடங்குமுன் நானும் பெரட்டு எடுத்துப் பேர் கூப்பிடுவேன். ரப்பர்ப் பால்மரம் சீவுகிற வேலம்மா "வந்தேன்" என்பாள். எண்ணெய் பிழியும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற இருசப்பன் வாயில் வெற்றிலையோடு "ம்" என்பான். பழைய ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளுக்கு ஏணை கட்டிய கொக்கியில் சட்டையை மாட்டிவிட்டு உட்கார்ந்தார்கள் என்றால், பொழுது சாய்கிறவரைக்கும் நான் சொல்வதுதான் மலை, நான் சொல்வதுதான் மழை. நான் தும்மினால் ஒரு ராஜ்யம் அழியும். அப்படி இருந்தவனடா உன் மாமன்.

வினை எங்கே தொடங்கியது? உன் பார்சலில்தான். போன தைப்பூசம் கழிந்து வந்ததே, புதுப் பதிப்புப் புத்தகம், அதோடு நீ எழுதிய துண்டுக் காகிதம்: "மாமா, உலகம் மாறிடுச்சு, இப்ப விளையாடுறவங்க புதுசா எதிர்பார்க்கிறாங்க, நம்ம விதிகளைக் கொஞ்சம் புதுப்பிச்சிருங்க." கொஞ்சம் என்று எழுதியிருந்தாய் மருமகனே. அந்தக் கொஞ்சத்தின் கீழ் நசுங்கித்தான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து ஆட்டத்துக்குப் புது ஆட்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். ஒருத்தி சந்திரிகா, வேலம்மாவின் அண்ணன் மகள், ரவாங்கில் ரேடியோ உதிரிப்பாகம் செய்கிற பேக்டரியில் வேலை. இன்னொருவன் சேது, கோலா சிலாங்கூரில் ஏதோ அலுவலகத்தில் தட்டெழுத்து அடிக்கிறவன், உன் புதுப் புத்தகத்தை ஒரே வாரத்தில் வாசித்து முடித்துவிட்டு எனக்கே அர்த்தம் சொல்கிறவன். நவீன ஆட்டக்காரர்கள் என்று நீ எழுதினாயே, அவர்கள் இந்த இரண்டு பேர்தான். பார்த்தால் சாதுவாகத்தான் இருப்பார்கள்.

வந்த முதல் மாதமே சந்திரிகா, நான் குகையில் வழக்கமாக வைக்கிற ராட்சசனைப் பார்த்துவிட்டு, "அங்கிள், அதே ராட்சசன எத்தன தடவ வெட்டுறது? அவருக்கே போரடிச்சிருக்கும் லா" என்றாள். சரி, பூதத்திலிருந்தே புதுப்பிக்கலாம் என்று உன் புத்தகத்தைத் திறந்தேன். அட்டையிலேயே ஒரு ஜந்து. நெருப்புக் கக்குகிறது, பறக்கிறது. இதை எப்படிச் சொல்வது? அடுத்த ஞாயிறு குரலைத் தாழ்த்தி, கண்ணை உருட்டி, "குகைக்குள்ளே ஓர் உடும்பு. மாட்டுக்கொட்டகை அளவு. முதுகில் சிறகு. வாயில் நெருப்பு" என்றேன். எல்லாரும் நடுங்கிப்போவார்கள் என்று பார்த்தால் இருசப்பன் முகத்தில் விளக்கேற்றின மாதிரி ஒரு வெளிச்சம்.

"உடும்பா? மாட்டுக்கொட்டக சைஸா? எவ்வளவு கறி தேறும் மாமா?"

"டேய், அது நெருப்பைக் கக்கும்டா!"

"வாயிலயே அடுப்பு வச்சிருக்கு, வெறகு மிச்சம்" என்றாள் வேலம்மா.

அன்றைக்குச் சாயங்காலம்வரை குகைக்குள் ஒருவரும் போகவில்லை. மிளகு போட்டு வறட்டுவதா, குழம்பு வைப்பதா, எத்தனை கூறு போடுவது, சிறகில் சதை இருக்குமா, மேல்லயத்து வீடுகளுக்கு எவ்வளவு கீழ்லயத்து வீடுகளுக்கு எவ்வளவு என்று பேசிப் பேசியே பொழுது போயிற்று. மாவீரர் கூட்டம் கறிக்கடை வாசலில் நிற்கிற கூட்டமாக மாறியதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். சேதுவாவது ஏதாவது சொல்வான் என்று திரும்பினால் அவன், "அதோட ஈரல் மட்டும் எனக்கு" என்கிறான்.

இப்படி வாய்க்கு ருசியான பூதம் வேண்டாம் என்று அடுத்த வாரம் அதை ஐந்து தலை நாகமாக மாற்றினேன். வேலம்மா காலிலிருந்த சிலிப்பரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "பாம்ப வெட்டச் சொல்றீங்களா? நல்லது கெட்டது தெரியாத மனுசனா நீங்க?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன் பிறகு பாலும் முட்டையும் வைத்தார்கள், கற்பனைப் பால், கற்பனை முட்டை. நாகம் குடித்ததா இல்லையா என்று பகடை உருட்டினார்கள். இருபது முகப் பகடையில் இருபதே விழுந்தது. குடித்துவிட்டது. உடனே குகை வாசலில் கோயில். கோயில் என்றால் கமிட்டி. கமிட்டி என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர். மந்திரவாதி வேசத்திலிருந்த சேதுவுக்கும் வாள்வீரன் வேசத்திலிருந்த இருசப்பனுக்கும் தலைவர் பதவிக்குப் போட்டி வந்து, ஒரு மாதம் முழுக்க ஆட்டத்தில் ஒரு வாளும் உருவப்படவில்லை, மகாசபைக் கூட்டம்தான் நடந்தது. நான் நாகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். நாகத்துக்கும் அதே கதிதான்.

தின்னவும் முடியாத, கும்பிடவும் முடியாத பூதம் எது? இரவு பகலாக யோசித்தேன். என் தலையில் மிச்சமிருந்த முடியும் அதில்தான் போயிற்று. கடைசியில் கண்டுபிடித்தேன். வெள்ளைக் காற்சட்டை, தலையில் தொப்பி, கையில் பிரம்பு, வாயில் சுருட்டு, சுருட்டிலிருந்து நெருப்பு: துரைப் பூதம்! இரும்புக் கதவு ஒன்றின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காக்கிறது. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது ரகசியம், எனக்கே தெரியாது, அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன். கம்பீரமாகச் சொல்லி முடித்தேன். இருசப்பன் சடாரென்று எழுந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றான்.

"உக்காருங்கண்ணே, அது பூதம் லா!" என்று சந்திரிகா சிரித்தாள்.

"பூதமா இருந்தாலும் தொர தொரதானேம்மா."

அந்தச் சிரிப்பு அடங்கினதும்தான் சந்திரிகா அந்தக் கேள்வியைக் கேட்டாள். இத்தனை காலம் எவரும் கேட்காத கேள்வி. "தொர இருக்காரு, மண்டோர் இருக்காரு, நம்ம நாலு பேரும்தான் வெட்டுப்பட்டுச் சாவுறோம். அப்ப நமக்கு என்ன லீவு, என்ன சலுகை? எங்க பேக்டரில வெரல்ல ஊசி குத்துனாலே எம்.சி. குடுக்குறான்." டாக்டர் எழுதிக் கொடுக்கும் லீவுச் சீட்டைச் சொல்கிறாள். அவ்வளவுதான், சேது காகிதத்தை எடுத்துவிட்டான். காயம் பட்டால் எம்.சி. இருட்டுக் குகைக்கு ஓவர்டைம். வாள்வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே அடிப்படைச் சம்பளம். கிடைத்த புதையலில் பெண்களுக்குச் சம பங்கு. குகை வாசல்வரை பஸ். மருமகனே, பாதாள லோகத்துக்குப் பஸ் கேட்கிறார்கள்! இதில் வேடிக்கை என்னவென்றால் அடுத்த வாரமே இருசப்பனின் வாள்வீரன் பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். எழுந்து நட என்றேன். "கால் ஒடஞ்சவன் எப்பிடி மாமா நடப்பான்? எம்.சி. போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, நிஜ இருசப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்ன ஆரம்பித்தான். மற்ற மூவரும் பூதத்தைத் தேடிப் போவதை விட்டுவிட்டு, மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு கற்பனை ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனார்கள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நான் நர்சு குரலில் சொன்னேன். நர்சோடும் சண்டை.

கோரிக்கைகளை நான் நிராகரித்தேன். பதவியின் மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? உடனே குகை வாசலில் மறியல். நாலு வீரர்களும் வாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள், உள்ளே போக மாட்டோம் என்று. சரி, நீங்கள் வராவிட்டால் போங்கள், பூதத்தை வெளியே அனுப்புகிறேன் என்று, "தடதடவென்று துரைப் பூதம் வெளியே வருகிறது!" என்று மேசையைத் தட்டினேன். ஒருவரும் அசையவில்லை. சந்திரிகா மட்டும் என்னைப் பார்த்து, அதாவது என்னைப் பூதமாகப் பாவித்து, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"பூதம் சார், நீங்க எத்தன வருசமா இங்க வேல செய்றீங்க?"

பூதங்களுக்கெல்லாம் நான்தானே பேசவேண்டும்? "குகை தோன்றிய நாள்முதல்" என்றேன், அடிவயிற்றிலிருந்து.

"லீவு?"

யோசித்துப் பார்த்தேன். கொடுத்ததில்லை. "இல்லை" என்றேன்.

"சாப்பாடு?"

அதையும் நான் யோசித்ததே இல்லை.

"பாவம்லா அங்கிள் இவரு!" என்று கண் கலங்காத குறையாகச் சொன்னாள். "பூதம் சார், நீங்களும் மண்டோருக்குக் கீழதான் வேல செய்றீங்க. நாங்க வெட்டுப்படுறோம், நீங்களும் வெட்டுப்படுறீங்க. அவருக்கு ஒரு கீறல் பட்டுருக்கா? எங்க யூனியன்ல சேருங்க."

சேருமா சேராதா என்று பகடைதான் சொல்லவேண்டும் என்று சேது புத்தகத்தில் பக்கம் காட்டினான். என் கையாலேயே உருட்டினேன். விழுந்தது இருபது. அந்தப் பகடைக்கு என்மேல் ஏதோ பழைய பகை இருக்கவேண்டும், இருசப்பன் லாட்டரிக்கு நாலு நம்பர் எடுக்க அதைக் கேட்டபோது நான் கொடுக்காத கோபமோ என்னவோ. பூதம் யூனியனில் சேர்ந்துவிட்டது. சேர்ந்தால் கோஷம் போடவேண்டும். பூதத்துக்குக் குரல் யார்? நான். ஆகவே மருமகனே, அறுபதை நெருங்குகிற வயதில், பட்டப்பகலில், ஆயாக்கொட்டகை நடுவில் எழுந்து நின்று, கையை உயர்த்தி, கூரைத்தகரம் அதிர, "மண்டோர் ஒழிக! மண்டோர் ஒழிக!" என்று நானே கத்தினேன். கோப்பி கொண்டுவந்த உன் அத்தை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "கல்யாணமான நாள்லேருந்து நான் சொல்லிட்டிருக்கேன், இப்பதான் ஒங்களுக்கே புரிஞ்சிருக்கு" என்று சொல்லி, தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குத்தான் வேலம்மா எழுந்து அந்தத் தீர்மானத்தைச் சொன்னாள். மாதக் கடைசி ஞாயிறு ஓட்டெடுப்பு. இனி நிரந்தர மண்டோர் கிடையாது. மண்டோர் வேலை ஆளுக்கு ஆள் மாறும். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "காலையில மரத்துக்குப் போனா மண்டோர். ஞாயித்துக்கிழம ஒரு நாள் மாயலோகத்துக்குப் போனா அங்கயும் மண்டோரா?" ஸ்டோரில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்த காலத்தில் என்னிடம் எவரும் இப்படிக் கேட்டதே இல்லை.

இனி கொஞ்சம் விளையாட்டை விட்டுச் சொல்கிறேன். வாரத்தில் ஆறு நாள் என்னிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை வாசு. சந்தைக்குப் போனால் மீன்காரன் உன் அத்தையிடம்தான் விலை சொல்கிறான். முன்பெல்லாம் ஒரு மண்வெட்டி வேண்டுமென்றாலும், ஒரு லாந்தர்த் திரி வேண்டுமென்றாலும் தோட்டமே என்னைத் தேடி வரும். இப்போது ஞாயிறு மதியம் ஒரு நாலு மணி நேரம், நான் கதையை நிறுத்தி மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும்போது, நாலு பேரும் ஒரே குரலில் "அப்புறம் என்னாச்சு?" என்கிறார்கள். அது ஒன்றுதான் மிச்சம். இரும்புக் கதவுக்குப் பின்னால் என்ன வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டுதான் மற்ற ஆறு நாளும் தூங்கப் போகிறேன். அதையும் பிடுங்கிக்கொண்டால் இந்தக் கிழவன் எதை யோசித்துக்கொண்டு தூங்குவது?

ஆகவே நீ எழுதவேண்டிய கடிதம் இது: மண்டோர் பதவி நிரந்தரமானது, புதுப் பதிப்பிலும் அதுவே சட்டம், மண்டோரை மாற்றினால் பெட்டியின் சொந்தக்காரன் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வான். இதை இங்கிலீஷில் எழுது, சேது பயப்படுகிற மாதிரிக் கடினமான இங்கிலீஷாக இருக்கட்டும். அடியில் ஏதாவது ஒரு முத்திரை குத்து, எது கிடைத்தாலும் சரி. புதுப்பித்தது போதும். எனக்கு அலுத்துவிட்டது. பழைய ராட்சசனையே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

குளிர் காதில் ஏறாமல், பாடம் தலையில் ஏறி, சீமைக் கடன் எதுவும் தோளில் ஏறாமல் நீ திரும்பி வர எங்கள் ஊர் மாரியம்மா துணை நிற்பாள். அத்தை உனக்கு ஊறுகாய் அனுப்புவதாகச் சொல்கிறாள். உன் அம்மாவுக்கு எழுதும்போது தம்பி தேய்ந்து ஓடாகிவிட்டான் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்.

பதவி ஊசலாடிக்கொண்டிருக்கும் உன் அன்பு மாமன்,
சிவானந்தம்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி இருசப்பனிடம் கொடுத்திருந்தேன். இன்று நான் அவன் லோரியில் ஏறியபோது கண்ணாடிக்கு முன்னால், செம்பனை முள்ளுக்கும் வெற்றிலைப் பொட்டலத்துக்கும் நடுவில், வெயிலில் வாடிப்போய்க் கிடக்கிறது. "ஓட்டெடுப்பு முடியிறவரைக்கும் போடக்கூடாதுன்னு யூனியன் முடிவு மாமா" என்கிறான். நல்ல வேளை. உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன். நேற்று ஓட்டெடுப்பு முடிந்துவிட்டது. எல்லாரும் எனக்கு எதிராகக் கை தூக்கினார்கள், கோப்பி கொண்டுவந்த உன் அத்தையும் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினாள். நான் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன். "எங்க போறீங்க அங்கிள்?" என்று சந்திரிகா மறித்துக்கொண்டாள். "அஞ்சு வருசமா மண்டோரா இருந்துட்டீங்க, ஒரு தடவகூட நீங்க வெளையாடவே இல்லையே? உக்காருங்க. என்ன வேசம் வேணும்?" சட்டையை மறுபடி கொக்கியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். மாவீரன் வேசம் கேட்டேன். பகடை உருட்டியதில் என் பலம் மூன்று விழுந்தது. வாளைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். பரவாயில்லை. ஆனால் புது மண்டோர் வேலம்மா இருக்கிறாளே, அவள் மனுசியே இல்லை! பெரட்டில் பேர் கூப்பிடும்போது நான் கோப்பிக் கோப்பையைக் கழுவப் போயிருந்தேன் என்பதற்காக, தோட்டத்தில் பாதி நாள் சம்பளம் வெட்டுகிற மாதிரி எனக்கு அரைப்பேர் போட்டுவிட்டாள். பள்ளத்தில் தள்ளினாள். எம்.சி. கேட்டால், "எந்திரிச்சு நடங்க" என்கிறாள். இதைத் தட்டிக்கேட்க ஒரு நாதி இல்லையா என்று நான் போட்ட சத்தத்தில், யூனியன் செயலாளராக என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், பூதம் முன்மொழிந்தது. ஆகவே மேலே நான் கேட்ட கடிதத்தை எழுதாதே. மண்டோரை எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், கை தூக்கி இறக்கலாம் என்று எழுதி அவசரத் தபாலில் அனுப்பு. முத்திரை அவசியம். இன்னொன்று, இது நமக்குள் இருக்கட்டும். நான் எப்படியோ ஊர்ந்து போய் அந்த இரும்புக் கதவை எட்டிவிட்டேன். தள்ளினேன். ஒரு விரல்கடை திறந்தது. அத்தோடு வேலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மத்தது அடுத்த ஞாயித்துக்கிழம" என்று எழுந்து போய்விட்டாள். நானாகவே கெஞ்சிக் கேட்டும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் திங்கள். உன் புதுப் புத்தகத்தில் அந்தக் கதவைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல். அப்புறம் என்னாச்சு வாசு?